பெறாமகளுக்கு ஒரு ஹெல்த் கேர் கார்ட்

அம்புலன்ஸ் பில் வந்த அன்றைக்குத்தான் இந்தக் கதை தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் ஒரு வியாழக்கிழமை இரவு எங்களிடம் வளரும் தங்கையின் மகன் சின்னவனுக்கு முட்டு, அதாவது ஆஸ்துமா, இழுக்கத் தொடங்கியது. ஸ்பேசர் குழாயில் வென்டொலின் மருந்து கொடுத்தோம், நாலு நிமிடம் பொறுத்துத் திரும்பவும் கொடுத்தோம், அடங்கவில்லை. விலா எலும்புக்குக் கீழே தோல் உள்ளே இழுபடுவதைப் பார்த்ததும் இவர், என் கணவர், அவசர இலக்கம் ட்ரிபிள் சீரோவை அழுத்திவிட்டார். வந்த இரண்டு பேரும் தங்கமானவர்கள். ஒருவர் முகமூடியைப் போட்டுவிட்டபடியே அவனோடு டைனோசர் கதை கதைத்தார். வெஸ்ட்மீட்டில் விடியும்வரை வைத்திருந்து, மூச்சு சீரானதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு சதம் கேட்கவில்லை. பில் அம்புலன்சுக்கு.

அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருப்பவர்களில் எத்தனையோ பேருக்கு இது தெரியாது: அம்புலன்ஸ் அரச மருத்துவக் காப்புறுதியான மெடிகேருக்குள் வராது. வந்ததற்கு மட்டும் 400 டொலருக்கு மேல், அப்புறம் கிலோமீட்டருக்கு ஒரு கணக்கு. குயின்ஸ்லாந்திலும் தஸ்மேனியாவிலும் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை, அங்கே மாநிலமே பார்த்துக்கொள்கிறது. இங்கே தனியார் காப்புறுதி இருந்தால் அது கட்டும். எங்களிடம் இருந்தது, ஆனால் அதில் நானும் இவரும் எங்கள் மகனும் மட்டும்தான். தங்கையின் பிள்ளைகள் இரண்டு பேரும் எங்களிடம் வந்து நாலு மாதமாகியும் அவர்களை அதில் சேர்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. கொஞ்ச நாளைக்குத்தானே என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த பில்லிலேயே சலுகை அட்டை இருந்தால் அதன் இலக்கத்தை எழுதி அனுப்பலாம் என்று இருந்தது. அதைப் படித்தேன். எங்களுக்கு என்னத்துக்கு அதெல்லாம் என்று காசைக் கட்டிவிட்டுக் கோப்பில் போட்டேன்.

இந்த "எங்களுக்கு என்னத்துக்கு" என்பதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கையின் பிள்ளைகள் ஏன் என்னிடம் வந்தார்கள் என்று இதில் எழுதமாட்டேன். அது அவர்களுடைய கதை, ஒருநாள் வேண்டுமென்றால் அவர்களே சொல்லட்டும். பெரியவளுக்கு அப்போது பதினொன்று, சின்னவனுக்கு ஆறு. 2024 ஜூன் மாதம், நல்ல குளிர், இரண்டு பள்ளிக்கூடப் பைகளும் ஒரு உடுப்புப் பையுமாக வந்தார்கள். பேப்பர் என்று ஒன்றும் வரவில்லை. நீதிமன்றமும் இல்லை, சிறுவர் நலத்துறைக் கேஸ்வொர்க்கரும் இல்லை. தங்கை ஃபோனில் "அக்கா, கொஞ்ச நாள் வச்சிரு" என்றாள். நான் "ஓம்" என்றேன். எங்கள் ஆட்களிடையே இதற்கு மேல் என்ன ஒப்பந்தம் வேண்டும்?

கார்டைப் பற்றி முதலில் சொன்னது மேஸ் ஹில் முருகன் கோயிலில் பழக்கமான ஒரு ஆச்சி. அவரும் இரண்டு பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது அம்புலன்ஸ் பில்லைச் சொல்லிப் புலம்பினேன். ஆச்சி கைப்பையைத் திறந்து, திருநீற்றுப் பொட்டலம், மூக்குக்கண்ணாடி, கசங்கிய டிஷ்யூ எல்லாவற்றையும் ஒதுக்கி, அடியில் இருந்து இரண்டு கார்டுகளை எடுத்தார். பிளாஸ்டிக் கூட இல்லை, தடித்த தாளில் அச்சடித்தது. ஒன்றில் பேரனின் பெயர், மற்றதில் பேத்தியின் பெயர்.

"பிள்ளை, நீ கார்ட் எடுக்கேல்லையோ?"

"அது சென்டர்லிங்கிலை அரசாங்கக் காசு எடுக்கிற ஆக்களுக்கெல்லோ ஆச்சி. நாங்கள் இரண்டு பேரும் வேலை."

"ஆர் உனக்குச் சொன்னது? வடிவாப் பார். என்ர பேர் எங்கையன் இருக்கோ?"

இல்லை. அந்தத் தாளில் ஆச்சியின் பெயர் எங்கேயும் இல்லை.

இனிக் கொஞ்சம் விவரம். அவுஸ்திரேலியாவில் ஹெல்த் கேர் கார்ட் என்பது மெடிகேர் கார்ட் அல்ல. எங்கள் ஆட்கள் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள், நானும் குழப்பியிருக்கிறேன். பச்சை நிற மெடிகேர் கார்ட் டொக்டரைப் பார்ப்பதற்கும் அரச ஆஸ்பத்திரிக்கும். ஹெல்த் கேர் கார்ட் ஒரு சலுகை அட்டை. மருந்தைக் குறைந்த விலைக்கு வாங்கலாம், இந்த மாநிலத்தில் அம்புலன்ஸ் இலவசம், இன்னும் மாநிலத்துக்கு மாநிலம் சில்லறைச் சலுகைகள். சாதாரணமாக இது வருமானம் குறைந்தவர்களுக்கும் சில கொடுப்பனவுகள் எடுப்பவர்களுக்கும்தான். ஆனால் அதில் ஒரு வகை, ஃபொஸ்டர் சைல்ட் ஹெல்த் கேர் கார்ட் என்பது, பெற்றவர்களிடம் இல்லாமல் வேறொருவரிடம் வளரும் பிள்ளைக்கு. வளர்ப்பவர் மாதம் எவ்வளவு உழைக்கிறார், வீடு சொந்தமா வாடகையா என்று கேட்கமாட்டார்கள். கார்ட் பிள்ளையின் பெயரில் வரும். பிள்ளையின் மருந்துக்கும் பிள்ளையின் வைத்தியத்துக்கும் மட்டும்தான் செல்லும். வயது 16க்குக் கீழே இருக்க வேண்டும், அதைத் தாண்டினால் முழுநேரம் படித்துக்கொண்டிருக்க வேண்டும். ஃபொஸ்டர் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு மிரளத் தேவையில்லை. பேரப்பிள்ளையை வளர்க்கும் ஆச்சியும் அதற்குள் வருவார், தங்கச்சி பிள்ளையை வளர்க்கும் நானும் வருவேன். நீதிமன்ற உத்தரவு இருந்தாலும் வரும், இல்லாமல் குடும்பத்துக்குள்ளே பேசி வைத்த ஏற்பாடு என்றாலும் வரும்.

இத்தனையும் அன்றிரவே இணையத்தில் வாசித்தேன். வாசித்துவிட்டு மடிக்கணினியை மூடிவைத்தேன். இரண்டு மாதம் மூடியபடியே இருந்தது.

ஏன் என்று இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது. வேலையிடத்தில் யாராவது பார்ப்பார்கள் என்றா? பாமசியில் கார்டை நீட்டும்போது பின்னால் நிற்பவர் ஊர்க்காரராக இருந்துவிட்டால் என்றா? தங்கச்சி பிள்ளைகளுக்கு மருந்து வாங்கக்கூட அரசாங்கத்திடம் போய் நிற்கிறாள் என்று ஒரு கதை கிளம்பும் என்றா? எல்லாம்தான். இவர் அதை வேறு மாதிரிச் சொன்னார்: "இதுகள் எங்கட பிள்ளையள். ஃபொஸ்டர் எண்டு நான் எழுத மாட்டன்." எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. எங்களுக்கு அதற்கு வேறு சொல் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்ணுக்கு அக்கா தங்கச்சியின் பிள்ளைகள் பெறாமகன், பெறாமகள். பெறவில்லை, ஆனால் மகள். இப்படி ஒரு சொல்லை வைத்துக்கொண்டிருப்பவர்கள் ஃபொஸ்டர் என்று எழுதுவதா?

அப்புறம் ஒருநாள், காரணம் ஒன்றும் இல்லாமல், குசினியில் பருப்புக் கழுவிக்கொண்டிருக்கும்போது பெரியப்பா ஞாபகம் வந்தார்.

95 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது எனக்குப் பத்து வயது. அந்த நெரிசலில் அம்மாவும் தங்கையும் ஒரு பக்கம், நான் பெரியம்மா குடும்பத்தோடு இன்னொரு பக்கம். வன்னிக்குப் போய்ச் சேர்ந்து, அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் நான் பெரியம்மாவிடம்தான் இருந்தேன். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு நிவாரண அட்டை கொடுத்தார்கள். அரிசி, மா, பருப்பு, சீனி, அட்டையில் எத்தனை தலை இருக்கிறதோ அத்தனைக்கு. பெரியம்மாவின் அட்டையில் ஐந்து பேர். நான் ஆறாவது. கிராம அலுவலரான விதானையார் என் பெயரை ஏற்றவில்லை, தாய் தகப்பனுடைய அட்டையில் இருக்கக்கூடும், இரண்டு இடத்தில் பதிய ஏலாது என்று சொல்லிவிட்டார். பெரியப்பா மூன்று தரம் நடந்தார். ஒவ்வொரு தரமும் ஒரு நாள் போய்விடும். மூன்றாம் தரம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மண் ஒழுங்கை, நல்ல வெயில். விதானையாரின் மேசைக்கு முன்னால் என்னை நிறுத்தி, "இந்தப் பிள்ளை சாப்பிடுறது என்ர வீட்டிலை. எழுதுங்கோ" என்றார். அவர் எழுதினார். நீல மையில் ஆறாவது வரி. திரும்பி வரும்போது பெரியப்பா அந்த அட்டையைச் சட்டைப்பைக்குள் வைக்கவில்லை, என் கையில் தந்து கொண்டுவரச் சொன்னார்.

பெரியப்பா ஊரில் தலைமை வாத்தியாராக இருந்தவர். யாரிடமும் கைநீட்டாத மனிதர் என்று பெயர். அந்த அட்டைக்கு மட்டும் அவர் வெட்கப்பட்டதை நான் பார்க்கவில்லை.

சரி, அடுத்த நாள் வேலைக்கு அரைநாள் லீவு போட்டேன்.

கார்டுக்கு மைகவ் என்ற அரச இணையத்தளம் வழியாக விண்ணப்பிக்கலாம், தாளில் நிரப்பியும் கொடுக்கலாம். எனக்கு நேரே சென்டர்லிங்க் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால்தான் விளங்கும் என்று ஒரு பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு விலை இரண்டு மணித்தியாலக் காத்திருப்பு. கடைசியில் கவுன்டரில் இருந்தவர் படிவத்தைப் பார்த்தார். நான் பிள்ளைகளின் சொந்த பெரியம்மா என்று தெரிந்ததும், "அப்படியென்றால் நீங்கள் ஃபொஸ்டர் கேரர் இல்லையே, நீதிமன்ற உத்தரவு இருக்கிறதா?" என்றார். இல்லை என்றேன். உத்தரவு வந்த பிறகு வாருங்கள் என்று படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டார். அவர்களுடைய சொந்த இணையப்பக்கமே வேறு சொல்கிறது என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் வாயில் இங்கிலிஷ் வரவில்லை. இருபத்தொரு வருடம் இந்த நாட்டில் இருக்கிறேன், ஒவ்வொரு நாளும் இங்கிலிஷில் வேலை செய்கிறேன். கவுன்டருக்கு முன்னால் நின்றால் மட்டும் பத்து வயதாகிவிடுகிறது.

பிறகு ஃபோனில் கதைத்த ஒரு பெண், "உத்தரவு கட்டாயம் இல்லை, பிள்ளை உங்களிடம்தான் இருக்கிறது என்று காட்டினால் போதும்" என்றாள். தாயிடமிருந்து ஒரு கடிதம், பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு கடிதம், எங்கள் குடும்ப டொக்டரான ஜிபியிடமிருந்து ஒன்று, இப்படிச் சேர்த்தேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்த பெண்மணி ஒரு கேள்வி கேட்காமல், நான் நிற்கும்போதே தட்டச்சு செய்து முத்திரை குத்தித் தந்தார். முதல் நாளிலேயே அவரிடம் போயிருக்க வேண்டும்.

இதைவிட நல்ல கதை ஆச்சியுடையது. ஆச்சிக்கு இங்கிலிஷ் வராது, மொழிபெயர்ப்பாளரை வைத்து ஃபோனில் கதைத்திருக்கிறார்கள். மறுமுனையில் கேட்டது, இந்தப் பிள்ளைகள் உங்கள் ஃபொஸ்டர் சில்ட்ரனா என்று. மொழிபெயர்ப்பாளர் ஒழுங்காகத்தான் சொன்னார்: "இவர்கள் உங்கள் வளர்ப்புப் பிள்ளைகளா?" ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "வளர்ப்புப் பிள்ளையளோ? என்ர சொந்தப் பேரப்பிள்ளையள்! என்ர மகள் பெத்த பிள்ளையள்!" அதுவும் ஒழுங்காக மொழிபெயர்க்கப்பட்டது. ஃபொஸ்டர் பிள்ளைகள் இல்லை என்று பதிந்துகொண்டார்கள். கார்ட் கிடைக்க இன்னும் நாலு மாதம் பிடித்தது. அந்த ஃபோனில் ஒருவரும் பிழையாக ஒரு சொல் சொல்லவில்லை.

படிவத்தில் உறவு என்ன என்று கேட்கும் இடத்தில் நான் ஆன்ட் என்று எழுதினேன். மாமி, சித்தி, பெரியம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அன்ரி எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்குள். எழுதும்போது ஒன்று விளங்கியது. அந்தப் படிவம் என் அன்பைக் கேட்கவில்லை. இந்தப் பிள்ளை யாரோடு சாப்பிடுகிறது, யாருடைய வீட்டில் படுக்கிறது என்பதுதான் அதற்குத் தெரிய வேண்டும். பெரியப்பா விதானையாருக்குச் சொன்ன அதே பதிலைத்தான் இவர்களும் கேட்கிறார்கள். அதற்கு மேல் பெறாமகளா மகளா என்பதெல்லாம் எங்கள் வீட்டுக்குள் இருக்கட்டும்.

கஷ்டமான பகுதி தங்கையிடம் போனது. பிறப்புச் சான்றிதழ்கள் அவளிடம், ப்ளூ புக் இரண்டும் அவளிடம், பிள்ளைகளின் பெயர் இருக்கும் மெடிகேர் கார்டும் அவளிடம்தான். அத்தனை மாதமாக நான் ஜிபியிடம் காட்டியது வாட்ஸப்பில் வந்த மங்கலான ஒரு படத்தை. அதில் பெரியவளின் பெயருக்கு முன்னால் இருந்தது 2 ஆ 7 ஆ என்று வரவேற்பில் இருந்தவர்கள் ஒவ்வொரு தரமும் கேட்பார்கள். தங்கை எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாள். கடிதத்தில் கையெழுத்துக் கேட்டேன். பேனையைக் கையில் எடுத்துவிட்டு நிறைய நேரம் சும்மா இருந்தாள்.

"அக்கா, இதிலை வச்சால் பிள்ளையள் எனக்கில்லை எண்டு ஆயிடுமோ?"

அப்படி இல்லை என்று சொன்னேன். கார்டுக்கும் பிள்ளைகளின் பாதுகாப்பு உரிமைக்கும் தொடர்பில்லை, அதை ஒரு கார்ட் மாற்றாது. ஆனால் அவளுடைய பயம் முழுக்கப் பொய்யும் அல்ல, அதையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகள் வேறு வீட்டில் இருக்கிறார்கள் என்று சென்டர்லிங்குக்குத் தெரிந்தால் தாய்க்கு வரும் கொடுப்பனவுகள் மாறலாம். குடும்பக் கொடுப்பனவு, ஃபமிலி டக்ஸ் பெனிஃபிட், பிள்ளை யாரிடம் எத்தனை இரவு என்ற கணக்கில் போகிறது. ஒருவரிடம் 35 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அவருக்கு அந்தப் பிள்ளைக்கான பங்கு இல்லை. தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கான கொடுப்பனவும் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளை கூட இருப்பதை வைத்துத்தான். அவள் வாடகை கட்டுவது அந்தக் காசில். உறவினர் பிள்ளைகளை வைத்திருக்கும் எத்தனையோ பேர் ஒன்றுக்கும் விண்ணப்பிக்காமல் இருப்பதற்குக் காரணம் சோம்பல் இல்லை, இதுதான். பெத்தவளின் சோற்றில் கைவைக்கிற மாதிரி ஆகிவிடுமோ என்கிற பயம்.

எங்கள் விஷயத்தில் அவள் ஏற்கெனவே உண்மையைச் சொல்லியிருந்தாள். நான் விண்ணப்பித்துப் புதிதாக எதையும் கெடுக்கவில்லை. எல்லாருக்கும் அப்படி இருக்காது. முதலில் தாயோடு இருந்து கதையுங்கள், ஒளித்துச் செய்யாதீர்கள் என்பதுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

கையெழுத்து வைத்த பிறகு ப்ளூ புக்கைத் தரும்போது அவள் அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். இந்த மாநிலத்தில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆஸ்பத்திரியில் தரும் நீல உறைப் புத்தகம். தடுப்பூசி, நிறை, உயரம், எப்போது இருந்தது, எப்போது நடந்தது எல்லாம் அதில். சின்னவனுடைய புத்தகத்தில் முதல் இரண்டு வருடமும் வரிக்கு வரி நிரம்பியிருந்தது, ஓரங்களில் தமிழில் குட்டிக் குட்டியாக அவள் கை எழுத்து: "இண்டைக்கு முதல்முதல் ம்மா எண்டவன்." அதற்குப் பிறகு பக்கங்கள் வெறுமை. தடுப்பூசி விட்டுப்போகவில்லை, தேசியப் பதிவேட்டில் எல்லாம் இருந்தது. எழுதத்தான் இல்லை.

கார்டுகள் 2025 பெப்ரவரியில் வந்தன. தபால் உறையைப் பெரியவள்தான் கிழித்தாள்.

"இது என்ர கார்டோ பெரியம்மா?"

"ஓம்."

"உங்கட பேர் இல்லை."

"இல்லை. உன்ர தான்."

அவளுக்குச் சொந்தமாக அப்படி ஒன்றும் வந்திருக்கவில்லை. அங்கே மெடிகேர் கார்டில் அம்மாவுக்குக் கீழே ஒரு வரி, இங்கே எங்கள் வீட்டில் கூடுதலாக ஒரு கட்டில். அவள் அதைத் தன்னுடைய பஸ், ரயில் ஓப்பல் கார்டுக்குப் பின்னால் செருகி வைத்துக்கொண்டாள். தொலைத்துவிடுவாள், என்னிடம் தா என்று கேட்கப் போனேன். கேட்கவில்லை. ஃபோனிலும் டிஜிட்டல் பிரதி வைத்துக்கொள்ளலாம், அது என்னிடம் இருக்கிறது.

காசு மிச்சம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: அந்த வருடம் அரச மருந்துத் திட்டத்தில் உள்ள ஒரு மருந்துக்குச் சாதாரணமாகக் கட்டவேண்டிய உச்சத் தொகை 31.60 டொலர், சலுகை அட்டை இருந்தால் 7.70. சின்னவனுக்கு முட்டுக்குக் காலையும் இரவும் இழுக்கிற மருந்து, தோல் சிரங்குக்குப் பூச ஒன்று, பெரியவளுக்கு ஒன்று, குளிர்காலத்தில் அவ்வப்போது அன்டிபயோட்டிக். கூட்டிப் பாருங்கள். 2026 ஜனவரியில் இருந்து சாதாரண உச்சத் தொகை 25 டொலராகிவிட்டது, வித்தியாசம் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. 7.70ஐ 2030 வரை கூட்டுவதில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். பாமசியில் முதல்முறை கார்டை நீட்டியபோது என் காது சூடானது. கவுன்டரில் இருந்த பொடியன் இலக்கத்தைத் தட்டிவிட்டு, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் வேணுமா, இன்றைக்கு ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றான். அவ்வளவுதான். பின்னால் ஊர்க்காரர் யாரும் நிற்கவில்லை.

ஆகஸ்டில் சின்னவனுக்குத் திரும்ப ஒரு தரம் அம்புலன்ஸ். இந்தத் தடவையும் பில் வந்தது. அட்டை இலக்கத்தை எழுதி அனுப்பினேன், தொகையை நீக்கிவிட்டார்கள். அன்றைக்குக் கார்ட் செல்லுபடியாக இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள். அதனால் முடியும் திகதியைக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

கார்டால் ஆகாததும் இருக்கிறது. ஜிபி கட்டணம் வாங்காமல் பார்ப்பதா இல்லையா என்பது அந்த ஜிபியின் விருப்பம், கார்டைக் காட்டினால் கேட்கச் சுலபம், அவ்வளவே. விசேட நிபுணரிடம் போனால் கார்ட் அநேகமாக ஒரு தாள்தான். பல் விஷயத்தில் நான் ஏமாந்தேன். பிள்ளைகளுக்கு இரண்டு வருடத்துக்கு 1,100 டொலர் சொச்சம் தரும் ஒரு பல் மருத்துவத் திட்டம் இருக்கிறது. இந்தக் கார்ட் இருந்தால் அதுவும் வரும் என்று நினைத்தேன். அது குடும்பக் கொடுப்பனவு போன்ற ஒன்றோடு கட்டப்பட்டது, எங்கள் வருமானத்துக்கு வரவில்லை. ஆனால் நியூ சவுத் வேல்ஸில் 18 வயதுக்குக் கீழே எல்லாப் பிள்ளைகளுக்கும் அரச பல் மருத்துவம் இலவசம். காத்திருக்கத்தான் வேண்டும்.

பிறகு எங்கள் வழக்கும் நீதிமன்றம்வரை போய் உத்தரவு வந்துவிட்டது. அதைப் பற்றியும் எழுதமாட்டேன். உத்தரவு வந்தபின் கேஸ்வொர்க்கர் வருகிறார், மாநிலத்தின் கொடுப்பனவு வருகிறது, பிள்ளைகள் பராமரிப்புக்குள் வந்ததும் முழு உடற்பரிசோதனை என்று ஒரு ஒழுங்கு வருகிறது. பிள்ளைகள் அதே பிள்ளைகள், சாப்பிடுவது அதே மேசையில். உத்தரவுக்கு முந்திய அந்த மாதங்களில் எங்களைக் கணக்கில் வைத்திருந்தது அந்தக் கார்ட் ஒன்றுதான்.

இந்த நாட்டில் அப்படி அரசின் கணக்கில் வீட்டுக்கு வெளியே வளரும் பிள்ளைகள் சுமார் 45,000 பேர். அவர்களில் பாதிக்கு மேல் உறவினர்களிடம். பேப்பர் இல்லாமல் ஆச்சிமாரிடமும் பெரியம்மாமாரிடமும் இருப்பவர்கள் அந்தக் கணக்கில் சேராதவர்கள். அந்த 45,000 இல் பத்துக்கு நாலு பேருக்கு மேல் பூர்வகுடிப் பிள்ளைகள் என்பதை வாசித்தபோது கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போன வரலாற்றை 1997 இல் ஓர் அறிக்கையாக எழுதி, 2008 பெப்ரவரி 13 அன்று பாராளுமன்றத்தில் மன்னிப்பும் கேட்ட நாடு இது. பிள்ளையை முதலில் உறவுக்குள்ளே வை, அதற்குப் பிறகுதான் வெளியே பார் என்ற விதியைப் பூர்வகுடி மக்கள் போராடிச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். கேஸ்வொர்க்கர் என்னை கின்ஷிப் கேரர், உறவுக்காரப் பராமரிப்பாளர், என்று கூப்பிடும்போது இப்போது அது எனக்கு அந்நியச் சொல்லாகக் கேட்பதில்லை.

பெரியவளுக்குப் பதின்மூன்று ஆகிறது. 14 வந்தால் அரசின் இணையத்தில் இருக்கும் அவளுடைய மருத்துவப் பதிவை அவள் அனுமதி இல்லாமல் நான் பார்க்க முடியாது, 15 இல் தனியாக மெடிகேர் கார்டும் எடுத்துக்கொள்ளலாம். அதை ஏற்கெனவே எங்கேயோ வாசித்துவிட்டாள், எனக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறாள்.

போன கிழமை புதுக் கார்டுகள் வந்தன. எங்கள் பெயர்கள் நீளம், தகப்பன் பெயரையும் சேர்த்தால் இங்கிலிஷில் இருபத்தாறு எழுத்து. மெடிகேரில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி. இந்தத் தடவை சின்னவனின் கார்டில் கடைசி நாலு எழுத்தைக் காணவில்லை. அவனுக்கு அது பெரிய பகிடி, பாதிப் பெயரைச் சொல்லிச் சொல்லி வீடெல்லாம் ஓடுகிறான். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு சென்டர்லிங்க் ஃபோன் லைன் திறக்கும். தேத்தண்ணியோடு உட்கார வேண்டும்.